மசாஜ் படுக்கையில் சொன்ன பொய்கள்

முதன்முதலாக வைத்தியத்துக்காக மசாஜ் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த முதல் விஷயம், முந்தைய நாள் யாரையும் உங்கள் முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள் என்பதுதான். இதையெல்லாம் ஒருவன் எழுதி வேறு சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்தில் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

நான் பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸைப் பதினாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் வரை அதை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வரும், நடுரோட்டில் எருமை நிற்கும், அவ்வளவுதான். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அது வேறு வேலை. வலது பக்கம் மடங்கித் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் தலையை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி, ஜன்னல் வழியாக மேல் ரோட்டைப் பார்க்க வேண்டும். ஜீப் இறங்குகிறதா, லாரி இறங்குகிறதா என்று அந்த ஒரு பார்வையில் தெரிந்துகொண்டுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். கண்ணாடி அங்கே உதவாது. கழுத்துதான் உதவும்.

அந்தக் கழுத்துதான் போயிற்று. புரட்டாசி மாதம் ஒருநாள் காலையில் எழுந்தேன், தலை இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பவில்லை. தலையணை சரியில்லை என்றேன். என் மனைவி தலையணையை மாற்றினாள். ஒரு வாரம் கழித்துக் கட்டிலே சரியில்லை என்றேன். கட்டிலை எடுத்துப் போட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்தாள். வீட்டில் இருந்த சாமான்கள் எல்லாவற்றின் மேலும் பழி போட்டேனே தவிர, கழுத்து சரியில்லை என்று என் வாயிலிருந்து வரவில்லை.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். எங்களிடம் ஓர் ஆக்டிங் டிரைவர் இருந்தான். நான் லீவு போட்டால் வந்து ஓட்டுகிறவன். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு மட்டும் அவனைக் கண்டால் ஆகாது. மலை லைன் தனக்கு வர வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தான். என் கழுத்து விஷயம் தெரிந்தால் பஸ் அவனுக்கு, ஸ்கூல் வேன் எனக்கு. எல்.கே.ஜி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குள் சந்து சந்தாகச் சுற்ற வேண்டும். மலை லைன் டிரைவர் என்றால் டீக்கடையில் உட்காரச் சொல்லி இடம் கொடுப்பார்கள். வெள்ளிமலையில் போய் இறங்கினால் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். எனக்கு அது வேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு அடம் பிடித்ததில்லை.

ஆகவே கழுத்தைத் திருப்புவதற்குப் பதிலாக உடம்பைத் திருப்ப ஆரம்பித்தேன். வளைவு வரும்போது இடுப்போடு வலப்பக்கம் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, பிறகு மறுபடி நேராக உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சுற்ற வேண்டும். இதற்குள் பஸ் பாதி வளைவில் இருக்கும். ஐப்பசி மழையில் மேலே பனிமூட்டம் இறங்கியபோது எட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ஹாரனை விடாமல் அடித்தேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்டக்டர் கவனித்துவிட்டான்.

"இன்னாண்ணா, தலைய திருப்பாம மொத்த ஒடம்பையும் திருப்புற?"

"சீட்டு சரியில்லடா. ஒரு பக்கமா அமுங்கிப் போச்சி."

அவன் நல்லவன். மறுநாளே ஒரு பழைய போர்வையை மடித்து சீட்டில் போட்டு வைத்திருந்தான். நான் அதன் மேல் உட்கார்ந்து இன்னும் இரண்டு மாதம் ஓட்டினேன்.

மார்கழியில் ஒரு ஜீப் என்னை நிற்க வைத்தது. மேலேயிருந்து மெதுவாகத்தான் வந்தான், ஹாரனும் அடித்தான். நான் திரும்பிப் பார்த்து முடிப்பதற்குள் முகத்துக்கு நேரே வந்துவிட்டான். இரண்டு பேரும் பிரேக் அடித்தோம். நடுவில் ஒரு முழம் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜீப்காரனைத் திட்டினார்கள். அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக நான் திட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது. அவன் பாவம், ஒன்றும் பேசாமல் பின்னால் எடுத்து வழி விட்டான். அன்று வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானே சொன்னேன்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைதான் இறுகிவிட்டது என்றார். தைலம், மாத்திரை எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், முறையாக மசாஜ் தெரபி எடுத்துக்கொண்டு பயிற்சியும் செய்தால் சரியாகும் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சீட்டைக் காட்டினேன். மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மசாஜா? யாரு பண்றது, ஆம்பளையா பொம்பளையா?"

அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. மசாஜ் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் அவ்வளவுதான் மரியாதை. போன் போட்டுக் கேட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டேன். பேசிய பெண் சலிக்காமல் சொன்னார். ஆண்களுக்கு ஆண்கள்தான் செய்வார்கள், பெண்களுக்குப் பெண்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது கழித்து வாருங்கள். தளர்வான துணி போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய், தைலம் எதுவும் பூசிக்கொண்டு வர வேண்டாம். எக்ஸ்ரேயும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளும் கொண்டு வாருங்கள். கால் மணி நேரம் முன்னால் வந்தால் ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் "சரிங்க, சரிங்க" என்றேன். அதில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. அந்தப் பெண் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

போனை வைத்ததும் மனைவி ஒரு யோசனை சொன்னாள். அவளுடைய யோசனைகள் எல்லாம் நல்ல மனதோடு வருகிறவை, அதனால்தான் தட்ட முடிவதில்லை.

"காசு குடுத்து யாரோ புடிக்கறதுக்கு முன்னால, என் தங்கச்சிய ஒரு தபா மிதிக்கச் சொன்னா இன்னா? அவ கால் முன்ன வந்து பொறந்தவதான?"

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் கொழுந்தியாள் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அந்தப் பகுதியில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். கையில் ஒன்றும் வாங்க மாட்டாள். கரும்புக் கட்டு தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு அவளுக்கு. மசாஜுக்கு முந்தைய நாள் காலையில் பஸ் பிடித்து வந்து இறங்கினாள்.

"மாமா, குப்புறப் படுங்க. மூணு மிதி. வலிக்குதுன்னு மட்டும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா வுட்ட சுளுக்கு திரும்பி வந்துரும்."

அது அவள் வைத்திருக்கும் சட்டம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். முதல் மிதி தோள்பட்டைக்குக் கீழே. இரண்டாவது மிதியில் எனக்குக் கண் இருட்டியது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று தெரியாது. பிறகு விளக்கெண்ணெய் காய்ச்சி, கழுத்திலிருந்து முதுகு வரை வழிய வழியத் தேய்த்துவிட்டாள். "இப்ப திருப்பிப் பாருங்க" என்றாள். திருப்பினேன். முன்பு திரும்பிய அளவுகூடத் திரும்பவில்லை.

"நாளைக்கு வுட்டுடும்" என்றாள். அவளிடம் நான் எப்படிக் கோபித்துக்கொள்வது?

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மசாஜ். முதலாளியிடம் தாலுகா ஆபீஸில் பத்திர வேலை என்று சொல்லி லீவு வாங்கியிருந்தேன். போகிற இடத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ என்று மனைவி இரண்டு மணிக்கு இலை போட்டுவிட்டாள். கருவாட்டுக் குழம்பு, முட்டை, ரசம். "வயித்த காலியா வெச்சிக்கினு போவாதீங்க" என்று மூன்று தடவை சோறு வைத்தாள். போனில் அந்தப் பெண் சொன்னதை அவளும்தான் கேட்டாள். நினைவுபடுத்தினேன். "அவங்க சொல்லுவாங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த இடம். பெஞ்சில் உட்கார்ந்த உடனே கண்டக்டர் போன் செய்தான்.

"அண்ணா, தாலுகா ஆபீஸ்லதான கீற? எங்க அப்பாவோட வாரிசு சர்ட்டிபிகேட்டு குடுத்து ஆறு மாசம் ஆவுது. கொஞ்சம் இன்னா ஆச்சின்னு கேட்டுக்கினு வா."

"இங்க கூட்டம் ஜாஸ்திடா."

"பரவால்ல, நீ கேட்டா சொல்லுவாங்க."

கேட்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பொய்க்கு இதுதான் கஷ்டம், ஒன்றோடு நிற்காது. அடுத்த வாரம் அவனுக்காக நிஜமாகவே தாலுகா ஆபீஸ் வரிசையில் அரை நாள் நின்றேன்.

பிறகு அந்தப் பாரம். பெயர், வயது எழுதினேன். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. கள்ளக்குறிச்சி அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. இங்கே டிரைவர் என்று எழுதினால், எந்த வண்டி என்று கேட்பார்கள். சொன்னால், சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். விவசாயம் என்று எழுதினேன். ரத்த அழுத்தம் இருக்கிறதா? இல்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இல்லை. வேறு எங்காவது வைத்தியம் செய்துகொண்டீர்களா? இல்லை. வலி எத்தனை நாளாக? பத்து நாள். பரீட்சை எழுதுகிறவன்கூட இவ்வளவு வேகமாக எழுத மாட்டான். பெயரையும் வயதையும் தவிர அந்தத் தாளில் உண்மை குறைவு.

மசாஜ் செய்கிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவார், கை மட்டும் தடிமன். முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டுப் பாரத்தைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"ஐயா, பிபி மாத்திர சாப்பிடறீங்களா?"

"...ஒண்ணு சாப்பிடறேன். காலையில."

"இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"மறந்துட்டேன்."

அவர் திட்டவில்லை. அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

சட்டையை மட்டும் கழற்றினால் போதும் என்றார். எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்களோ என்று இரண்டு நாளாக நான் பட்ட கவலை அநாவசியம். உங்களுக்கு எது கூச்சமோ அதைச் சொல்லிவிடலாம், அவர்கள் துணி போர்த்தி, வேண்டிய இடத்தை மட்டும்தான் திறப்பார்கள். படுக்கையில் முகத்துக்கு நேரே ஓர் ஓட்டை இருக்கும், குப்புறப் படுத்து அதில் முகத்தை வைக்க வேண்டும். வைத்தேன். மூன்று தடவை வைத்த சோறும் தொண்டைக்கு வந்தது. சாப்பிட்டுவிட்டு ஏன் போகக் கூடாது என்பதற்கு அந்தக் கருவாட்டு ஏப்பத்தைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. ஓட்டை வழியாக அவருடைய கால் விரல்கள் தெரிந்தன. அவை கொஞ்சம் பின்னால் நகர்ந்தன.

முதுகைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். விளக்கெண்ணெய் அவ்வளவு லேசில் போகாது.

"இது இன்னாங்க ஐயா, தோள்பட்டைக்குக் கீழ ரத்தம் கட்டியிருக்குது?"

"வயல்ல வழுக்கி வுழுந்துட்டேன்."

"வுழுந்தா இப்டி ரவுண்டா, குதிகால் அளவுக்கு இருக்காதே. யாராவது மிதிச்சாங்களா?"

ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது சுலபம்.

"எங்க ஊர்லயும் மிதிப்பாங்க" என்றார். "ஆனா நேத்து மிதிச்ச எடத்துல இன்னிக்கு நான் கை வெச்சி அமுக்க முடியாது. உள்ள இன்னும் புண்ணாவும். சுத்தி லேசாதான் பண்ணுவேன். பாதி வேல இன்னிக்கு ஆவாது."

நான்கு மாதம் காத்திருந்து வந்தவனுக்குப் பாதி வேலைதான். எனக்கு என் மேலேயே அவ்வளவு ஆத்திரம் வந்தது.

ஆரம்பிப்பதற்கு முன் இன்னொன்று சொன்னார். அமுக்கும்போது வலி எவ்வளவு என்று பத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் லேசு, பத்து என்றால் தாங்க முடியாது. ஐந்து, ஆறுக்கு மேல் போனால் அவர் குறைத்துக்கொள்வார். சுலபமான விஷயம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கட்டை விரலை வைத்தார். எனக்குக் கால் பெருவிரல் வரை சுண்டியது.

"எவ்ளோங்க?"

"ரெண்டு."

இன்னும் கொஞ்சம் அமுக்கினார். "இப்ப?"

"ரெண்டுதான்."

கையை எடுத்துவிட்டார். "ஐயா, நீங்க ரெண்டுன்றீங்க. ஒடம்பு கட்ட மாதிரி வெறச்சிக்குது. நீங்க பொய் சொன்னா நான் தப்பான எடத்துல அமுக்குவேன். நஷ்டம் எனக்கு இல்ல."

வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொன்னால் சுளுக்கு திரும்பி வந்துவிடும் என்று ஒரு நாள் முன்னால்தான் ஒருத்தி சட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதை இவரிடம் சொல்ல முடியுமா? அது மட்டுமில்லை. ஐம்பத்தொரு வயதில் யாரிடமும் நான் வலிக்கிறது என்று சொல்லிப் பழகவில்லை. "எட்டு" என்றேன். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நன்றாகத்தான் செய்தார். ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை விடச் சொல்வார், விடும்போது அந்த முடிச்சு மெல்ல இளகும். இதை முதல் மாதமே செய்திருக்கலாமே, ஐப்பசி மழையில் அத்தனை வளைவுகளையும் ஹாரனை நம்பி ஏறியிருக்க வேண்டாமே என்று படுத்துக்கொண்டே பல்லை நறநறத்தேன். தாடையைத் தளர்த்துங்கள் என்றார்.

கை வேலை செய்ய, வாய் கரும்பைப் பற்றிக் கேட்டது. அவருடைய மாமனாருக்கும் கரும்பு உண்டாம்.

"எந்த ஆலைக்கிங்க அனுப்பறீங்க?"

"மூங்கில்துறைப்பட்டு."

"கட்டிங் ஆர்டர் வந்துட்ச்சா?"

"இன்னும் இல்ல."

"இவ்ளோ லேட்டாவா? கன்னா, கட்டையா?"

நட்ட கரும்பா, வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பாக வந்ததா என்று கேட்கிறார். என் மைத்துனனுடைய கரும்பைத் தூரத்திலிருந்து பார்த்த அனுபவம்தான் எனக்கு. "ரெண்டும்" என்றேன். கரும்பு தெரியாத கரும்பு விவசாயியை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

எல்லாம் முடிந்து உட்கார வைத்தார். ஒரு பிளாஸ்டிக் கோணமானியைத் தலைக்கு மேல் பிடித்து, இடது பக்கம் திரும்பச் சொன்னார், வலது பக்கம் திரும்பச் சொன்னார். இரண்டு தடவை அளந்து குறித்துக்கொண்டார்.

"எடது பக்கம் நல்லா வருது. வலது பக்கம் பாதிகூட வரலீங்க. இன்னும் அஞ்சாறு தபா வாங்க, பயிற்சியும் பண்ணுங்க, வந்துரும். நாளைக்கி வலி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், பயப்படாதீங்க. தண்ணி நல்லா குடிங்க. ரெண்டு நாளைக்கி வெயிட் தூக்காதீங்க, தலைய வெடுக்குனு திருப்பாதீங்க." பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வயல் வேலன்றதால பரவால்ல. வண்டி ஓட்டறவரா இருந்தா இந்தக் கழுத்தோட ஸ்டியரிங்கத் தொடாதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் வேறு வேலையாக எழுந்து போகவில்லை, எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வரேங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் காலை ஏழரை மணி டிரிப்பு. அவர் சொன்னபடியே வலி கூடியிருந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது இடது பக்கம்கூடத் திரும்பக் கஷ்டமாக இருந்தது. இன்று வலி கூடும் என்று அவர்தானே சொன்னார், இன்று ஒரு நாளை ஓட்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். பஸ் நிறைந்துகொண்டிருந்தது. மளிகை மூட்டைகள், ஒரு கிரைண்டர் கல், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர்.

உள் கண்ணாடியில் பார்த்தேன். பின்வாசல் வழியாக ஒரு வயதான அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு அவர் வந்தார். நேற்று என் கழுத்தைப் பிடித்தவர். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை கூடையில் புளியும் கடுக்காயும் கொண்டு இறங்குவார், அடுத்த நாள் காலை வண்டியில் ஏறுவார், எப்போதும் என் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவார். அவருக்கு இப்படி ஒரு மகன் இருப்பது தெரியாது. மகன் எப்போதும் பைக்கில் மலைக்குப் போகிறவராக இருக்க வேண்டும், நான் பஸ்ஸில் பார்த்ததே இல்லை.

அம்மாவை உட்கார வைத்து, கூடையைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்தார். பிறகு முகத்தை விட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

குனிந்து அம்மாவிடம் சொன்னார். "எறங்கும்மா. அடுத்த வண்டில போலாம்."

"எதுக்குடா? எடம் கெடச்சிருக்குது."

"எறங்குன்றேன்ல."

கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவை இறக்கிவிட்டார். முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அவரைப் பார்க்க நான் வலது பக்கம் திரும்ப வேண்டும். உடம்போடு திரும்பினேன். அதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரும்புன்னு சொன்னீங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு பேஷண்டப் பத்தி வெளிய சொல்றது எங்க வேலைல இல்ல. எங்கம்மாவ மட்டும் இதுல ஏத்த மாட்டேன், அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அம்மா நின்ற இடத்துக்குப் போய்விட்டார். கண்டக்டர் பின்னாலிருந்து விசில் அடித்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காலைக் கிளட்ச்சில் வைத்தேன். கண்ணாடியில் எல்லாத் தலைகளும் தெரிந்தன. என் கழுத்து எவ்வளவு திரும்பும் என்று அளந்து தெரிந்துகொண்ட ஒரே மனிதன் தன் அம்மாவை இறக்கிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்களை இறக்க யாரும் வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது. கண்டக்டர் இரண்டாவது விசில் அடித்தான்.

இன்ஜினை அணைத்தேன். இறங்கிப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். கழுத்து திரும்பவில்லை என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். புரட்டாசியிலிருந்து என்றேன். பிறகு அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்த அளவுக்கு அவர் சொன்னது, ஆக்டிங் டிரைவரை அனுப்புகிறேன், சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்பதுதான்.

அவன் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் என்னை ஒருவழி பண்ணிவிட்டார்கள். டீச்சர் ஒருவர் அட்டெண்டன்ஸ் போய்விட்டது என்றார், கிரைண்டர் கல்காரர் மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும் என்றார். கண்டக்டர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றான். சீட்டில் மடித்துப் போட்டிருந்த போர்வையை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, என்னை ஒன்றும் கேட்காமல் நின்றான். அவன் கேட்டிருக்கலாம்.

ஆக்டிங் டிரைவர் வந்து சாவியை வாங்கும்போது, "ஒடம்ப பாத்துக்கங்கண்ணா" என்றான். நிஜமாகத்தான் சொன்னான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

அவன் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து, மசாஜ் செய்தவர் தன் அம்மாவை மறுபடி அழைத்துவந்தார். பழைய இடம் காலியாகத்தான் இருந்தது. மகன் உள்ளே கூடையை வைக்கிற நேரத்தில் அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சாமி, நீ எறங்கிட்ட? இவன் எப்டி ஓட்டுவானோ தெரியல. நீ ஓட்டுனா டேம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவேன், வெள்ளிமலைலதான் கண்ண முழிப்பேன். இன்னிக்கு முழிச்சிக்கினுதான் போவணும்."

பஸ் வெளியே போய்த் திரும்பியது. அந்த நான்கு மாதமும் அந்த அம்மா எனக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.